சாய்ஞ்ச பெட்டியும் டேப்புல சிக்காத அளவுகளும்

நேரான பெட்டி பண்றதுல கணக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. நீளம், அகலம், உயரம் எழுதிக்கிட்டு பிளைவுட் கனத்தை எங்க கழிக்கணுமோ அங்க கழிச்சா முடிஞ்சுது. அதே பெட்டியோட நாலு பக்கத்தையும் கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சு, மேல அகலமா கீழ குறுகலா ஒரு செடித்தொட்டியோ தானியம் கொட்டுற புனலோ பண்ணலாம்னு நினைச்சா அங்கதான் வம்பு ஆரம்பிக்குது, ஏன்னா இப்ப வெட்ட வேண்டிய பலகையோட எந்த அளவும் நம்ம வரைஞ்சு வச்சிருக்கிற படத்துல இருக்காது, டேப்பை வச்சு அளக்கலாம்னா அளக்கிறதுக்கு இன்னும் பொருளே இல்ல.

இந்த விஷயத்துல நான் பிடிச்சு வச்சிருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம கண்ணுக்கு நேரா படுத்திருக்காத எந்தக் கோடும் படத்துல தன்னோட நிஜ நீளத்தைக் காட்டாது, எப்பவும் குட்டையாத்தான் காட்டும். அதனால எந்த அளவு வேணுமோ அது எந்தத் தளத்துல படுத்திருக்குன்னு முதல்ல பார்த்து, அந்தத் தளத்தை மனசுக்குள்ள திருப்பி முகத்துக்கு நேரா நிறுத்தி, அதுல ஒரு செங்கோண முக்கோணம் கண்டுபிடிக்கணும். கஷ்டமான வடிவம்னு நம்ம பயப்படுறதுல முக்கால்வாசி இந்த மாதிரி ரெண்டு மூணு முக்கோணத்தை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சதுதான்.

ஒரு உதாரணத்தையே கடைசி வரைக்கும் எடுத்துக்கலாம். மேல வாய் 400 எம்எம் சதுரம், அடி 250 எம்எம் சதுரம், நிக்கிற உயரம் 300 எம்எம். எல்லாமே வெளி அளவு. 18 எம்எம் பிளைவுட். முன்பக்கத்துல இருந்து பார்த்து படம் போட்டா 400க்கு 250, உயரம் 300னு ஒரு சரிவகம் வரும், உடனே கை துறுதுறுன்னு அதையே பலகையில வரைஞ்சு வெட்டப் போகும். வெட்டக் கூடாது. அந்தப் பலகை நம்மளப் பார்த்து சாய்ஞ்சு நிக்குது, 300ங்கிறது தரையில இருந்து வாய் வரைக்கும் குத்தா இருக்கிற உயரம், பலகை மேல போற நீளம் அது இல்ல.

மேல கீழ வித்தியாசம் 150, ரெண்டு பக்கமும் சமமா பிரிச்சா 75. அதாவது 300 மேல ஏறும்போது பலகை 75 வெளிய போகுது. இப்ப பெட்டியை நடுவுல செங்குத்தா வெட்டிப் பார்க்கிற மாதிரி யோசிச்சா ஒரு முக்கோணம் தெரியும், குத்து 300, படுக்கை 75, கர்ணம்தான் பலகையோட நிஜ உயரம். 300ஐயும் 75ஐயும் தனித்தனியா ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா 95,625, அதோட ஸ்கொயர் ரூட் 309.23. ஆக நம்ம வெட்ட வேண்டிய சரிவகம் மேல 400, கீழ 250, உயரம் 309.23. ஒன்பது எம்எம் வித்தியாசம் வந்துருச்சு பாருங்க, அது இல்லாம வெட்டியிருந்தா பெட்டி குட்டையா நின்னிருக்கும்.

அடுத்தது மூலையில ரெண்டு பலகை சேர்ற அந்தச் சாய்வு விளிம்பு. அதோட நீளம் 309.23 இல்ல, ஏன்னா அந்த விளிம்பு பலகை மேலேயே இன்னொரு பக்கமா சாய்ஞ்சு போகுது. இதுக்கு பலகையை எடுத்து மேஜை மேல படுக்க வச்ச மாதிரி பார்க்கணும், அதுல குத்து 309.23, படுக்கை மறுபடியும் 75, கர்ணம் 318.2. இந்த 75 முன்னாடி வந்த 75 இல்ல, முதல்ல வந்தது பலகை வெளிய சாயுற 75, இது பலகை மேலேயே பக்கவாட்டுல விரியுற 75, சதுரப் பெட்டிங்கிறதால ரெண்டும் ஒரே நம்பரா வந்து ஆளைக் குழப்புது. செவ்வகப் பெட்டியில நீளப் பக்கமும் அகலப் பக்கமும் வேற வேற சாய்வா இருந்தா ரெண்டும் வேற வேற நம்பர், அங்க எது எதுன்னு படத்துல எழுதியே ஆகணும். சரி பார்க்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, 300, 75, 75 மூணையும் ஸ்கொயர் பண்ணி ஒண்ணா கூட்டி ரூட் எடுங்க, 1,01,250, அதே 318.2 வரணும். ரெண்டு வழியில போய் ஒரே விடை வந்தாத்தான் எனக்கு பென்சில் எடுக்கவே மனசு வரும்.

கர்ணம்னு சொன்னதும் உங்கள்ல பாதிப் பேருக்கு வாட்ஸாப்ல வருஷக்கணக்கா சுத்துற அந்த விஷயம் ஞாபகம் வந்திருக்கும், ரூட்டே போடாம கர்ணம் கண்டுபிடிக்கிற வழி, பெரிய பக்கத்தை எட்டா பிரிச்சு ஒரு பங்கைத் தள்ளிட்டு சின்னப் பக்கத்துல பாதியைச் சேர்த்தா போதும்னு. 3, 4 போட்டுப் பாருங்க, மூணரையும் ஒன்றரையும் சேர்ந்து அச்சா 5 வரும். 5, 12 போட்டாலும் பத்தரையும் ரெண்டரையும் 13. அடடான்னு இருக்கும். நம்ம பலகைக்குப் போடுங்க, 300ல எட்டுல ஏழு பங்கு 262.5, 75ல பாதி 37.5, கூட்டினா 300. குத்தும் 300, கர்ணமும் 300, அப்படி ஒரு செங்கோண முக்கோணம் உலகத்துலயே கிடையாது. சின்னப் பக்கம் பெரிய பக்கத்துல கால்வாசிக்கும் கீழ போனா இன்னும் கூத்து, கர்ணம் பக்கத்தை விட சின்னதா வரும். அது ஒரு தோராயக் கணக்கு, சில முக்கோணத்துக்கு அழகா பொருந்தும், மரத்தோட நீளத்தை கண்ணாலயே சொல்றதுக்கு உதவும், பிளைவுட் வெட்ட அதை நம்பி உக்காரக் கூடாது. முன்னோர் சொன்னதை குறை சொல்றான்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, கையில கால்குலேட்டர் இருக்கு, போட்டுப் பாருங்க.

கால்குலேட்டர்னதும் ஒண்ணு. கோணம் கணக்கு போடுறதுக்கு முன்னாடி சைன் 30 போட்டுப் பாருங்க, 0.5 வரணும். மைனஸ் 0.988ன்னு வந்துச்சுன்னா போன் டிகிரியில இல்ல, ரேடியன்ல (கோணத்தை அளக்கிற இன்னொரு அலகு) இருக்கு. ஸ்பிரெட்ஷீட்ல போடுறவங்களுக்கு இதே தொல்லை நிரந்தரமா உண்டு, அது எப்பவும் ரேடியன்லதான் கேட்கும், மாத்திக் குடுத்தே ஆகணும்.

இப்ப கோணங்கள். நீளம் எல்லாம் சுலபம், நிஜமா தலை சுத்துறது இங்கதான், ஏன்னா ஒரே பெட்டிக்குள்ள மூணு வேற கோணம் ஒளிஞ்சிருக்கு, அதுல ரெண்டு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பலகை குத்துல இருந்து எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்கிறது ஒண்ணு, 300க்கு 75, அதாவது நாலுக்கு ஒண்ணு, 14.04 டிகிரி. பலகையோட முகத்துல சாய்வு விளிம்பு வெட்டுறதுக்கான கோணம் இன்னொண்ணு, அது 309.23க்கு 75, கணக்கு போட்டா 13.63 டிகிரி. ரெண்டும் 14ன்னு நினைச்சு ஒரே செட்டிங்ல வெட்டிட்டுப் போயிரலாம்னு தோணும். 300 எம்எம் தூரத்துக்கு ஒரு டிகிரி தப்புன்னா நுனியில 5.2 எம்எம் தள்ளும், அந்தக் கணக்குல இந்த 0.4 டிகிரி ரெண்டு எம்எம்க்கு மேல. பெயின்ட் அடிக்கப் போற வேலைன்னா மக்கு வச்சு மூடிரலாம், பாலிஷ் போடுற வேலையில கோடு பல்லைக் காட்டும்.

மூணாவதுதான் வில்லன். மூலையில ரெண்டு பலகையும் மைட்டரா, அதாவது ரெண்டு விளிம்பையும் ஒரே மாதிரி சாய்ச்சு வெட்டி ஒண்ணோட ஒண்ணு பொருத்துற மாதிரி, சேரணும்னா பலகை விளிம்பை எவ்வளவு சாய்ச்சு வெட்டணும்? நேரான பெட்டின்னா 45, அதுல சந்தேகமே இல்ல. சாய்ஞ்ச பெட்டிக்கு 45 வராது. பக்கங்கள் வெளிய சாயச் சாய மூலை 90ஐ விட விரிஞ்சுக்கிட்டே போகும், முழுசா சாய்ஞ்சு தரையில படுத்துட்டா நாலு பலகையும் ஒரே தட்டையா 180 ஆயிரும் இல்லையா, அந்தக் கோடியை யோசிச்சுப் பார்த்தாலே ஏன் 45 இல்லன்னு புரியும். நம்ம பெட்டியில மூலை 93.37 டிகிரி. அதைப் பாதியாக்கி 90ல இருந்து கழிச்சா பிளேடை சாய்க்க வேண்டியது 43.31. சூத்திரமா வேணும்னா, சாய்வுக் கோணத்தோட காஸையும் (கால்குலேட்டர்ல cos), 180ஐ பக்கங்களோட எண்ணிக்கையால வகுத்து வர்ற கோணத்தோட சைனையும் பெருக்குங்க, அந்த விடைக்கு சைன் இன்வெர்ஸ் எடுங்க. நம்மளுக்கு காஸ் 14.04ங்கிறது 0.9701, சைன் 45 வந்து 0.7071, பெருக்கினா 0.686, இன்வெர்ஸ் எடுத்தா 43.31. எத்தனை பக்கம் இருந்தாலும் இதே சூத்திரம்தான், ஆனா பக்கங்கள் எல்லாம் ஒரே அகலமா ஒரே சாய்வா இருக்கணும்.

மைட்டர் வேண்டாம், ஒரு பலகை இன்னொண்ணு மேல போய் முட்டட்டும், ஸ்க்ரூ போட்டுக்கிறேன்னா கணக்கு வேற, முட்டுற பலகையோட விளிம்புல 3.37 டிகிரி எடுத்தா போதும். ஆனா அப்ப நாலு பலகையும் ஒரே அளவா இருக்காது, எது எதுக்குள்ள போகுதுங்கிறதைப் பார்த்து கனத்தைக் கழிக்கணும்.

இந்த 43.31ஐ மெஷின்ல எப்படி வைக்கிறது? ரம்பத்துல இருக்கிற ஸ்கேல்ல அரை டிகிரியே ஊகம்தான், இதுல 0.31 எங்க பார்க்கிறது. இன்னொரு சிக்கல், மெஷின்ல சைபர்னு போட்டிருக்கிறது பிளேடு நேரா நிக்கிற நிலை, ஆனா நம்ம ஜாமெட்ரி கணக்குல அதுக்குப் பேரு 90, அதனால 43.31 வைக்கணுமா 46.69 வைக்கணுமான்னு ஒரு நிமிஷம் கை நிக்கும். 45ஐ விட கம்மியா சாய்ச்சா மூலை 90ஐ விட விரியும், நமக்கு வேண்டியதும் விரியுறதுதான், அதனால 43.31. இதை எழுதி வச்சுக்கணும், மனசுல வச்சுக்கிட்டா ரம்பத்து முன்னாடி போனதும் மறந்துரும்.

கோணத்தை டிகிரியா பார்க்காம ஏத்தமா பாருங்க, நான் எல்லாருக்கும் சொல்றது அதுதான். சாய்வு 14.04 டிகிரின்னு ப்ரொட்ராக்டர் தேடுறதுக்குப் பதிலா ஒரு வேஸ்ட் பிளைவுட் துண்டுல நேரான விளிம்புல இருந்து 400 குத்தா போய் 100 படுக்கையா போங்க, ரெண்டு புள்ளியையும் சேர்த்தா அதுதான் 14.04, தப்பே வராது. 43.31க்கு விளிம்போட 300 போய் அங்க இருந்து குத்தா 282.8 ஏறுங்க. துண்டு எவ்வளவு பெருசோ அவ்வளவு துல்லியம், அரை எம்எம் பென்சில் தப்பு கூட 400 நீளத்துல 0.1 டிகிரிக்குள்ளதான் வரும். பெவல் கேஜை (எந்தக் கோணத்தையும் அப்படியே பிடிச்சு வைக்கிற மடக்குச் சட்டம்) அந்தக் கோட்டு மேல வச்சு ஸ்க்ரூவை முறுக்கி, அப்படியே கொண்டு போய் பிளேடு பக்கத்துல நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரா பார்த்தா நடுவுல வெளிச்சம் கசியுதான்னு தெரிஞ்சுரும். பிளேடோட உடம்புல வச்சுப் பார்க்கணும், பல்லு மேல வைக்கக் கூடாது, பல்லு ரெண்டு பக்கமும் வெளிய தள்ளி இருக்கும், கேஜை தூக்கி விட்டுரும். ப்ளக்கை கழட்டிட்டு பாருங்கன்னு தனியா சொல்லணுமா என்ன.

மைட்டர்ல எந்தப் பக்கம் தப்பு பண்ணலாம்னு ஒரு அரசியல் இருக்கு. கொஞ்சம் அதிகமா சாய்ச்சு வெட்டிட்டா மூலையில வெளி விளிம்பு முதல்ல ஒட்டும், இடைவெளி உள்பக்கம் போயிரும். கம்மியா சாய்ச்சா உள்பக்கம் முட்டிக்கிட்டு வெளிய கோடு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். வெளிய தெரியுற வேலைன்னா ஒரு பொட்டு அதிகம் இருக்கிறது நல்லது, 0.2 டிகிரி மாதிரி. உள்ள தெரியுற பழத்தட்டு மாதிரி வேலைன்னா கணக்கு தலைகீழ்.

அடுத்து கனம். 18 எம்எம் பிளைவுட்னு பேருதான் 18, வெர்னியர் வச்சு அளந்து பாருங்க, பெரும்பாலும் அதுக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கும், ஒரே ஷீட்லயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வித்தியாசம் காட்டுறதும் உண்டு. அதனால உள்பக்கம் சம்பந்தப்பட்ட எந்த அளவையும் ஷீட்டை வாங்குறதுக்கு முன்னாடி கடைசி தசமம் வரைக்கும் போட்டு வைக்கிறதுல அர்த்தம் இல்ல. சாய்ஞ்ச பலகையில இன்னொரு விஷயமும் உண்டு, கனத்தை பலகைக்குக் குறுக்கே அளந்தா 18, ஆனா தரைக்கு இணையா படுக்கையா அளந்தா அது 18 இல்ல, 18ஐ காஸ் 14.04ஆல வகுக்கணும், 18.55 வரும். வாயோட உள் அளவு 400ல ரெண்டு 18.55 போனது, 362.9. 364ன்னு நினைச்சு ஒரு மூடி அச்சா பண்ணி வச்சிருந்தா அது உள்ள இறங்காம உக்காந்திருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச துண்டு அடிப்பலகை. பார்க்க சாதாரண சதுரம், ஆனா பெட்டியோட மொத்தக் கணக்கும் அதுல வந்து மாட்டும். அடியில வெளி அளவு 250, ரெண்டு பக்கமும் 18.55 கழிச்சா உள்ள 212.9. சரி 212.9 சதுரமா வெட்டிரலாம்னா, அடிப்பலகைக்கும் 18 கனம் இருக்கே, அந்த 18 மேல ஏறும்போது பெட்டி நாலுக்கு ஒண்ணுங்கிற கணக்குல ஒரு பக்கம் நாலரை, ரெண்டு பக்கமும் சேர்த்து 9 விரிஞ்சுருக்கும். அதனால அந்தப் பலகை கீழ்முகத்துல 212.9, மேல்முகத்துல 221.9, நாலு விளிம்பும் 14.04 டிகிரி உள்நோக்கி. வெட்டும்போது 221.9 சதுரமா முதல்ல எடுத்துட்டு மேல்முகக் கோடு குறையாம விளிம்பை சாய்ச்சு எடுக்கணும். மேல இருந்து உள்ள இறக்கினா நாலு பக்கமும் ஒரே நேரத்துல போய் உக்காந்து நிக்கும், கீழ விழ வழியே இல்ல, செடித்தொட்டிக்கு மண்ணு பாரம் ஏற ஏற இன்னும் இறுகும். இப்ப ஷீட் 17.4 தான் இருக்குன்னா அதே 221.9 வந்து 222.8 ஆயிரும். ஒரு எம்எம் கிட்ட, பலகை கனம் அரை எம்எம் மாறினதுக்கு. அதுக்காகத்தான் அடிப்பலகையை நான் கணக்கு போட்டு வெட்டவே மாட்டேன், கணக்கு போடுறது எவ்வளவு துண்டு எடுத்து வைக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும்தான், நாலு பக்கமும் சேர்ந்து நின்னப்புறம் உள்ள ரெண்டு குச்சியை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சு விரிச்சு அளவு எடுத்து, அந்தக் குச்சியில இருந்து நேரா பலகைக்கு மாத்திக்கிறது. டேப்போட வளைஞ்ச மூக்கை உள்மூலையில வச்சு மடக்கிப் படிக்கிறதை விட அது நூறு மடங்கு மேல்.

பக்கப் பலகையோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கூட 14.04 சாய்வா எடுக்கணும், இல்லன்னா பெட்டி தரையில கத்தி முனையில நிக்கிற மாதிரி வெளி விளிம்புலயோ உள் விளிம்புலயோ நிக்கும். ரெண்டு விளிம்பும் ஒரே திசையில சாயும், அதனால வெளிமுகத்துல 309.23 வரணும்னா எடுக்கிற பட்டை அதை விட நாலரை எம்எம் அகலமா, 313.7 கிட்ட இருக்கணும். 309லயே பட்டையை கிழிச்சு வச்சுட்டா திரும்ப ஒட்டவா முடியும். நான் பட்டையை 320க்கு எடுத்துட்டு சாய்வு வெட்டும்போது சரியா கொண்டு வர்றது.

ஷீட்ல எப்படி அடுக்கிறதுன்னும் பார்த்துரலாம். 2440க்கு 1220 ஷீட்ல இந்தச் சரிவகங்களை எல்லாம் நிமிர்த்தியே வரைஞ்சா நாலுக்கும் 1600 நீளம் போகும். ஒண்ணை நேராவும் அடுத்ததை தலைகீழாவும் வச்சா 400, 250, 400, 250ன்னு பல்லும் பல்லும் பொருந்தின மாதிரி 1375லயே அடங்கிரும், அதோட ரம்பக் கழிவு, அதாவது வெட்டும்போது பிளேடு தின்னுற அகலம், கொஞ்சம் சேரும். மேசை மேல 180 டிகிரி திருப்பி வைக்கணும், புரட்டிப் போடக் கூடாது, திருப்பினா நல்ல முகம் மேலேயே இருக்கும், ரேகையும் அதே திசையில ஓடும். ரம்பக் கழிவைக் கணக்குல எடுக்கிறப்ப ஒண்ணு கவனிங்க, 3 எம்எம் பிளேடு நேரா நின்னா 3 தின்னும், 43 டிகிரி சாய்ஞ்சு வெட்டும்போது பலகை முகத்துல 4.1 தின்னும். அதோட பக்கத்துப் பக்கத்துப் பலகை ரெண்டுக்கும் சாய்வு எதிர் எதிர் திசையில இருக்கிறதால ஒரே வெட்டுல ரெண்டும் வந்துராது, நடுவுல அடியில ஒரு முக்கோணக் குச்சி கழிவா விழும். அந்தக் குச்சிகளைத் தூக்கிப் போடாதீங்க, கிளாம்ப் போடும்போது சாய்ஞ்ச மூலைக்கு வெளிய முட்டுக் குடுக்க அதே கோணத்துல வேற எங்கயும் கிடைக்காது.

ஆறு பக்கமா பண்ணணும்னா சூத்திரம் அதேதான், நாலுக்கு ஒண்ணு சாய்வுன்னா பிளேடு 29.02, முகக் கோணம் 7.97. இதுல கணக்கை விட வேற ஒண்ணு பயமுறுத்தும். ஆறு பலகைக்கு 12 விளிம்பு, ஒவ்வொண்ணுலயும் அரை டிகிரி ஒரே பக்கமா தப்பினா கூடிக் கூடி 6 டிகிரி, கடைசி மூலையில விரலை விடலாம். அதனால மூணு மூணா ஒட்டி ரெண்டு பாதியா பண்ணிக்கிறது வழக்கம், எதிரெதிர் மூலை ரெண்டும் ஒரே தளத்துலதான் இருந்தாகணும், ஒரு தட்டையான பலகையில உப்புத்தாள் ஒட்டி அது மேல பாதியைக் கவுத்து தேய்ச்சா சேர்ந்த தப்பு எல்லாம் அங்கயே போயிரும். இன்னொரு பாதியும் அதே மாதிரி. கோணம் 29ஆ 28.6ஆன்னு யாரும் கேட்கப் போறதில்ல, ரெண்டு தட்டை முகம் தட்டையா சேருது, அவ்வளவுதான்.

வளைவுக்கும் இதே புத்திதான். பெஞ்ச் முதுகுக்கோ கதவு மேலயோ ஒரு வில் வேணும், அகலம் 1200, நடுவுல 150 உயரணும், ஆரம் எவ்வளவுன்னு தெரியாது. நாணை ஸ்கொயர் பண்ணி, உயரத்தோட எட்டு மடங்கால வகுத்து, அதோட உயரத்துல பாதியைக் கூட்டுங்க. 14,40,000ஐ 1200ஆல வகுத்தா 1200, கூட 75, ஆரம் 1275. ஒரு நீளப் பட்டையில ஆணி ஒரு முனையில, 1275ல ஓட்டை போட்டு பென்சில், முடிஞ்சுது. ஆரம் ரொம்பப் பெருசாகி ரூமுக்குள்ள அடங்கலைன்னா வில்லோட ரெண்டு முனையிலயும் ஆணி அடிச்சு, ரெண்டு குச்சியை நடு உச்சியில சேர்ற கோணத்துல இறுக்கிக் கட்டி, அந்த முனையில பென்சிலை வச்சு ரெண்டு ஆணியிலயும் குச்சி உரசுற மாதிரியே நகர்த்திக்கிட்டுப் போங்க. ஒரே வட்டத்துண்டுல எங்க நின்னு பார்த்தாலும் நாணோட ரெண்டு முனையும் ஒரே கோணத்துல தெரியும்னு ஸ்கூல்ல படிச்சது இதுக்குத்தான் போல, அப்ப ஒரு வாத்தியாரும் ரெண்டு குச்சியைக் காட்டலை.

சுவர் மூலையில பொருத்துற அலமாரின்னா மூலை 90ன்னு நம்பாதீங்க. ஒரு சுவர்ல 600, இன்னொண்ணுல 800 குறிச்சு ரெண்டுக்கும் நடுவுல குறுக்கே அளங்க. 1000 வந்தா சந்தோஷம். 1012 வந்துச்சுன்னா காஸ் விதியில போட்டா மூலை 91.44, அதாவது 600 ஆழம் போற பலகை அந்த முனையில 15 எம்எம் சுவரை விட்டு விலகி நிக்கும். மூலைமட்டத்தை வச்சுப் பார்த்தா இது கிட்டத்தட்ட சரின்னுதான் தோணும், 200 எம்எம் மட்டத்துல இந்த வித்தியாசம் 5 எம்எம், அதுவும் மூலையில பூச்சுக் கட்டி இருந்தா அதையும் நம்ப முடியாது. தூரத்தை மூணு அளந்தா கோணம் தானா வருது, கோணத்தை நேரா அளக்கிறதுக்கு மெனக்கெட வேண்டாம்.

இனி ஒட்டுறது. நாலு பலகையையும் வெளிமுகம் மேல பார்க்க, சாய்வு விளிம்பு ஒட்ட ஒட்ட, விசிறி விரிச்ச மாதிரி தரையில அடுக்குங்க. அடுக்கும்போதே தெரிஞ்சுரும், நாலும் சேர்ந்து ஒரு வளைஞ்ச பட்டையா வரும், ஒவ்வொரு பலகையும் 27.27 டிகிரி திரும்பணும், மொத்தம் 109 டிகிரி. மொத்தத் திருப்பம் அதுக்குக் கூடவோ குறையவோ இருந்தா முகக் கோணம் தப்பு. இந்த இடத்துல பயந்து மறுபடி வெட்ட ஓடாதீங்க, நாலுலயும் ஒரே அளவு தப்புன்னா பெட்டி மூடிக்கத்தான் செய்யும், என்ன, நம்ம நினைச்ச 14.04க்குப் பதிலா 13.4லயோ 14.6லயோ போய் நிக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பலகை மட்டும் வேறன்னாத்தான் வாய் கோணும், அதை மட்டும் மாத்தினா போதும்.

மேல அகலமான ஒட்டுற டேப்பை ஒவ்வொரு மூட்டுலயும் இழுத்து ஒட்டி, மூணு மூட்டுக்கும் ஒட்டினப்புறம் மொத்தத்தையும் ஒரே தூக்கா புரட்டிப் போட்டா இப்ப வி மாதிரி பள்ளம் மூணு மேல பார்த்துக்கிட்டு இருக்கும். பிளைவுட் விளிம்பு கம்மை உறிஞ்சும், அதனால முதல்ல ஒரு மெல்லிசு பூச்சு தடவி சில நிமிஷம் விட்டு, மேல இன்னொரு பூச்சு, மீதி இருக்கிற ரெண்டு முனை விளிம்புலயும் தடவ மறக்காதீங்க. அப்புறம் மடக்குங்க. நாலாவது மூலை சேர்ந்ததும் அதுக்கும் டேப், உடனே வாயில ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க, 400 சதுரத்துக்கு ரெண்டும் 565.7 வரணும். நம்பர் அச்சா வரலைன்னா கூட ரெண்டும் சமமா இருக்கான்னு பாருங்க, ஒண்ணு நீளமா இருந்தா அந்த மூலைவிட்டத்துக்கு ஒரு கிளாம்ப் போட்டு மெதுவா அமுக்கினா சமமாயிரும், கம் காயுறதுக்குள்ள. அடிப்பலகையை இப்பவே கம் இல்லாம உள்ள இறக்கிப் பாருங்க, பெட்டி கோணியிருந்தா அது ஒரு மூலையில தூக்கிக்கிட்டு நின்னு உடனே காட்டிக் குடுத்துரும்.